வீட்டு இணையம் அடிக்கடி அறுபடுவது ஏன்? பழுதின் இடத்தைக் கண்டு நீக்கும் முறை

நமது மாவட்டத்தில் இணையம் இன்று ஆடம்பரப் பொருளன்று. ஏரல், ஸ்ரீவைகுண்டம் பகுதிகளில் வாழை பயிரிடுவோர் அன்றைய சந்தை விலையை அதன் வழியே அறிகின்றனர். ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்போர் வெளியூர் வியாபாரிகளோடு அதன் வழியே பேசி முடிக்கின்றனர். கைத்தறி நெசவாளர் தாம் நெய்த சேலையின் படத்தை அனுப்பி, வாங்குவோரிடமிருந்து பணத்தையும் அதன் வழியே பெறுகின்றனர். பிள்ளைகளின் படிப்பும் அதில் அடங்கும். நாட்டிலுள்ள 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூன் மாதத்தில் ஒப்புதல் அளித்தது. ஆகவே, சங்கத்தின் பேரேடும் இணையத்தை நம்பி நிற்கும் காலம் வந்துவிட்டது.

இந்நிலையில், வீட்டிலுள்ள இணையம் நாளொன்றுக்கு நாலைந்து முறை அறுபட்டு அறுபட்டு வருமாயின் உண்டாகும் தொல்லை சிறிதன்று. பணம் செலுத்துகையில் பாதியில் நின்றுபோகும். சென்றதோ இல்லையோ என்று அறியாமல் மனம் கலங்கும். இதனினும் பெரிய நட்டம் ஒன்றுண்டு. பழுது எங்கே இருக்கிறதென்று பாராமலே புதிய பெட்டி வாங்குவோரும், கூடுதல் வேகமுள்ள திட்டத்துக்கு மாறுவோரும் நம்மில் பலர். பணம் செலவாகிவிடுகிறது, பழுதோ பழையபடியே நிற்கிறது.

இழை அறுந்தால் நெசவாளர் தறி முழுவதையும் கழற்றுவதில்லை. அறுந்தது பாவா, ஊடையா என்று முதலில் பார்க்கிறார். பாவாயின் அச்சிலா, விழுதிலா என்று பார்க்கிறார். அதன் பின்னரே முடிச்சுப் போடுகிறார். வயலுக்குத் தண்ணீர் வராவிடில் விவசாயி மடையிலிருந்து புறப்பட்டு, வாய்க்கால் கரையோடு மேல்நோக்கி நடந்து, தண்ணீர் எதுவரை வந்து நிற்கிறது என்று காண்கிறார். இணையப் பழுதுக்கும் இதுவே வழி. முதலில் இடம்; பின்னரே மருந்து. இக்கட்டுரையில் கூறப்படுவன யாவும் இவ்வொரு கொள்கையின் விரிவேயாம்.

இணையம் வீட்டுக்கு வரும் வழி

தூத்துக்குடிக் கடலில் 1961-ஆம் ஆண்டு வரை முத்துக்குளிப்பு நடந்தது. மூழ்குபவருக்கும் தோணியில் நின்றவருக்கும் இடையே ஒரு கயிறே தொடர்பு. கயிற்றில் அசைவு வராவிடில், கோளாறு அடியிலா, நடுவிலா, மேலேயா என்று தோணியில் நிற்பவர் உடனே தீர்மானிக்க வேண்டியிருந்தது. நம் வீட்டு இணையத்தையும் மூன்று துண்டுகள் கொண்ட ஒரு கயிறாகக் கருதலாம்.

முதல் துண்டு, நிறுவனத்தின் நிலையத்திலிருந்து நம் வீட்டுச் சுவர் வரை வருவது. முன்னாளில் இது செம்புக் கம்பியாக இருந்தது. இப்பொழுது பெரும்பாலும் ஃபைபர் எனப்படும் கண்ணாடி இழையாக இருக்கிறது. தலைமயிரைப் போன்ற மெல்லிய இக்கண்ணாடி இழைக்குள் கண்ணுக்குப் புலனாகாத ஒளி செய்தியைச் சுமந்து வருகிறது. நிலையத்திலிருந்து புறப்படும் ஓர் இழையின் ஒளி வழியில் பிரிக்கப்பட்டு 32 அல்லது 64 வீடுகளுக்குப் பங்கிடப்படுவது வழக்கம்.

இரண்டாம் துண்டு, வீட்டிலுள்ள பெட்டி. ஒளியை மின்குறியாக மாற்றும் கருவியும், அதனை வீட்டிலுள்ள பல சாதனங்களுக்குப் பங்கிடும் ரௌட்டரும் சில வீடுகளில் தனித்தனியே இருக்கும். பல வீடுகளில் ஒரே பெட்டிக்குள் இருக்கும். நம் ஊர்களில் இதனை மோடம் என்றும் வைஃபை பெட்டி என்றும் அழைப்பர். இப்பெட்டிக்கு மின்சாரம் அளிக்கும் சிறு அடாப்டரையும் இத்துண்டிலேயே சேர்த்துக்கொள்ளல் வேண்டும்.

மூன்றாம் துண்டு, பெட்டியிலிருந்து நம் கைப்பேசி வரை காற்றில் செல்லும் வானலை. வைஃபை என்பது இதுவே. வைஃபை வேறு, இணையம் வேறு என்பதை உறுப்பினர்கள் நன்கு மனத்திற்கொள்ளல் வேண்டும். வைஃபை வீட்டுக்குள் ஓடும் வாய்க்கால்; இணையம் அதில் வரும் தண்ணீர். வாய்க்கால் சரியாக இருந்தும் தண்ணீர் வராதிருக்கலாம். தண்ணீர் மடைவரை வந்தும் வாய்க்கால் உடைந்திருக்கலாம்.

இடம் காணும் சோதனை

இணையம் அறுபட்ட அந்த நேரத்திலேயே இச்சோதனைகளைச் செய்தல் வேண்டும். மீண்டும் வந்தபின் செய்வதில் பயனில்லை. பெட்டியை உடனே அணைத்துப் போடுவதும் கூடாது. அணைத்தால் பழுதின் அடையாளமும் அழிந்துபோகும்.

1. வீட்டில் எல்லாச் சாதனங்களிலும் நின்றுவிட்டதா, ஒன்றில் மட்டுமா என்று பாருங்கள். ஒரு கைப்பேசியில் மட்டும் நின்று மற்றவற்றில் ஓடுமாயின் பழுது அக்கைப்பேசியில் இருக்கிறது. அதிலுள்ள வைஃபை பெயரை நீக்கிவிட்டுக் கடவுச்சொல்லை மீண்டும் இட்டுச் சேர்த்தாலே பெரும்பாலும் சரியாகும்.

2. கைப்பேசியின் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். அணைக்காவிடில், வைஃபை நின்றதும் கைப்பேசி தானாகவே மொபைல் டேட்டாவுக்கு மாறி நம்மை ஏமாற்றும்.

3. பெட்டியின் அடியிலோ பின்புறத்திலோ ஒட்டியிருக்கும் சீட்டில் 192.168.1.1 என்பது போன்ற ஓர் எண்முகவரி அச்சிடப்பட்டிருக்கும். அதனைக் கைப்பேசியின் பிரௌசரில் இட்டுப் பாருங்கள். இது பெட்டி தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கும் பக்கம். இதனைத் திறக்க வெளியிணையம் வேண்டுவதில்லை. ஆகவே, இணையம் நின்றிருக்கும்பொழுது இப்பக்கம் திறக்குமாயின் வைஃபை நலமாக உள்ளது. பழுது பெட்டிக்கு அப்பால், அல்லது பெட்டியும் வெளியிழையும் சேருமிடத்தில் உள்ளது. இப்பக்கமும் திறக்காவிடில் பழுது வைஃபையிலோ பெட்டியிலோ உள்ளது.

4. பெட்டிப் பக்கம் திறந்து, ஆனால் எந்த இணையதளமும் திறக்கவில்லையெனில், பிரௌசரில் 1.1.1.1 என்னும் எண்ணை இட்டுப் பாருங்கள். அது திறக்குமாயின் இணையம் வந்துகொண்டுதான் இருக்கிறது. தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ். என்னும் பெயர்ப்பதிவேடு மட்டுமே பழுதுற்றிருக்கிறது. பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் டி.என்.எஸ். என்னுமிடத்தில் 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று குறித்தால் சரியாகும்.

5. வீட்டில் கணினி இருப்பின், அதனைப் பெட்டியோடு லேன் கேபிளால் நேராக இணையுங்கள். கேபிளில் இணையம் நிற்காமல் ஓடி, வைஃபையில் மட்டும் அறுபடுமாயின் பழுது மூன்றாம் துண்டில் என்பது உறுதி.

இவ்வைந்து சோதனைகளுக்கும் பத்து நிமிடங்களே ஆகும், செலவு ஏதுமில்லை.

விளக்குகள் கூறும் செய்தி

பெட்டியின் முகப்பிலுள்ள சிறு விளக்குகள் அழகுக்காக வைக்கப்பட்டவையல்ல. நல்ல நாளொன்றில் எவ்விளக்கு எந்நிறத்தில் எரிகிறதென்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழுது நேரத்தில் அதனோடு ஒப்பிட்டால் மாற்றம் தெளிவாகத் தெரியும்.

எல்லா விளக்குகளும் ஒருங்கே அணைந்து மறுபடி ஒன்றன்பின் ஒன்றாக எரியத் தொடங்கினால், பெட்டி மின்சாரம் இழந்து மீண்டும் எழுகிறது. எல்.ஓ.எஸ். என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ வெளியிலிருந்து ஒளி வரவில்லை. இழை அறுந்தோ, மிகவும் வளைந்தோ, செருகி தளர்ந்தோ இருத்தல் வேண்டும். பி.ஓ.என். என்று எழுதிய விளக்கு நிலையாக எரியாமல் மின்னிக்கொண்டே இருப்பின், ஒளி வருகிறது. ஆனால் நிலையத்தோடு உடன்பாடு ஏற்படவில்லை. இவ்விரண்டும் நலமாக இருந்து, இன்டர்நெட் என்னும் விளக்கு மட்டும் அணைந்தோ சிவந்தோ இருப்பின், பயனர்பெயர், கடவுச்சொல், கட்டண நிலுவை ஆகியவற்றில் ஏதோ ஒன்று தடையாக உள்ளது. எல்லாம் பச்சையாக இருந்தும் கைப்பேசியில் இணையம் வராவிடில் வைஃபையை நாடுதல் வேண்டும்.

மின்சாரம்

பெரும்பாலான பெட்டிகளுக்கு வேண்டுவது 12 வோல்ட் நேர்மின்சாரம். 230 வோல்ட் மின்சாரத்தை அடாப்டர் இவ்வாறு குறைத்துத் தருகிறது. மின்சாரம் அரை நொடி நின்றாலும் பெட்டி அணைந்துவிடும். அது மீண்டும் எழுந்து நிலையத்தோடு பேசி முடிக்க இரண்டு மூன்று நிமிடங்கள் ஆகும். மின்விசிறி நின்றது கூட நமக்குத் தெரிவதில்லை. ஆனால் இணையம் மூன்று நிமிடம் போய்விடுகிறது. காரணம் புலப்படாமல் அறுபடும் இணைப்புகளுள் பல இவ்வகையினவே.

மோட்டார் உள்ள வீடுகளில் இத்தொல்லை மிகும். பம்புசெட்டாயினும் விசைத்தறியாயினும், மோட்டார் ஓடத் தொடங்கும் கணத்தில் வழக்கமான மின்னோட்டத்தைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். அக்கணத்தில் வீட்டின் மின்னழுத்தம் தாழும். நல்ல அடாப்டர் அதனைத் தாங்கும். பழைய அடாப்டர் தாங்காது. மோட்டார் போடும்பொழுதெல்லாம் இணையம் போகிறதா என்று கவனியுங்கள். போகுமாயின் பெட்டியை மாற்ற வேண்டுவதில்லை. அடாப்டரை மாற்றினால் போதும்.

புதிய அடாப்டர் வாங்குகையில் மூன்றைப் பார்த்தல் வேண்டும். வோல்ட் அளவு பழையதற்குச் சமமாக இருத்தல் வேண்டும். ஆம்பியர் அளவு சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம்; குறைவாக இருத்தல் கூடாது. செருகியின் பருமனும், நேர்முனை எதிர்முனைக் குறியும் ஒத்திருத்தல் வேண்டும். மின்தடை மிகுந்த ஊர்களில், 12 வோல்ட் மின்கலம் அடங்கிய சிறு யூ.பி.எஸ். ஒன்றைப் பெட்டிக்கென்றே வைத்துக்கொள்வது சிக்கனமான ஏற்பாடாகும்.

உப்புக் காற்று

உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு என்றால், அதில் பெரும்பங்கு நமது கரைக்கே உரியது. அந்தப் பெருமையோடு கூட ஒரு தொல்லையும் நமக்கு வாய்த்திருக்கிறது. கடற்காற்றிலுள்ள நுண்ணிய உப்புத்துளிகள் வீட்டிலுள்ள ஒவ்வொரு செருகியின்மேலும் படிகின்றன.

சமையலுப்பின் பெரும்பகுதியான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்பொழுது ஈரத்தை ஈர்த்துக் கரையத் தொடங்கும். ஆனால் கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்துள்ளது. உப்பு எடுத்தபின் பாத்தியில் எஞ்சி நிற்கும் கசப்பு நீரில் மிகுந்திருப்பது இதுவே. இது ஏறத்தாழ 33 விழுக்காடு ஈரப்பதத்திலேயே நீரை ஈர்த்துக்கொள்ளும். கரையோர ஊர்களில் காற்று அவ்வளவு வறண்டிருப்பது அரிது. ஆகவே, செருகியின்மேல் படிந்த கடலுப்பு ஏறக்குறைய எந்நாளும் ஈரமாகவே இருக்கிறது. அவ்வீரத்தில் மின்சாரம் செல்கையில் செம்பும் பித்தளையும் அரிக்கப்பட்டுப் பச்சைக் களிம்பு பூக்கின்றன. தொடர்பு முதலில் தளர்கிறது. பின்னர் விட்டுவிட்டு வருகிறது. இறுதியில் நின்றே போகிறது.

பெட்டியைத் தொடாமல், அடாப்டரின் வட்டச் செருகியை மட்டும் மெல்ல அசைத்துப் பாருங்கள். விளக்குகள் அணைந்து எரியுமாயின் களிம்போ தளர்ச்சியோ அங்கேதான் உள்ளது. மின்சாரத்தை நிறுத்திச் செருகியைக் கழற்றி, உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தல் வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலைச் சிறிது தொட்டுத் துடைத்து, நன்றாக உலர்ந்தபின் செருகலாம். எண்ணெய் தடவுதல் கூடாது. அது தூசியையும் உப்பையும் மேலும் பிடித்துவைக்கும். லேன் கேபிளின் முனைகளில் மெல்லிய பொன்முலாம் பூசப்பட்டிருக்கும். அதனை உப்புத்தாளால் தேய்த்தால் முலாம் போய் அரிப்பு விரைவாகும். களிம்பேறிய கேபிளை மாற்றிவிடுவதே நன்று.

கண்ணாடி இழை உப்பால் துருப்பிடிப்பதில்லை. செம்பைவிட அது மேலானதற்கு இதுவும் ஒரு காரணம். ஆயினும் அதன் முனையில் ஒரு துளி தூசி படிந்தாலே ஒளி குன்றும். அம்முனையைக் கையால் தொடுதலும், வாயால் ஊதுதலும் கூடாது. கழற்றிய இழையின் முனையை எக்காரணத்தாலும் கண்ணருகே வைத்து நோக்குதல் கூடாது. அவ்வொளி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கண்ணுக்குத் தீங்கு செய்ய வல்லது. பிள்ளைகளுக்கு இதனைச் சொல்லி வைத்தல் வேண்டும்.

பெட்டியைக் கடற்காற்று நேராக வீசும் சன்னலருகே வைத்தலும், காற்றுக்கு அஞ்சித் துணியால் மூடி வைத்தலும் ஆகிய இரண்டும் பிழையே. பெரும்பாலான பெட்டிகள் 40 பாகை வரை வெப்பத்தைத் தாங்குமாறு செய்யப்பட்டவை. சித்திரை வைகாசியில், ஓட்டுக்கும் தகரத்துக்கும் அடியில், துணி மூடிய பெட்டியின் உட்புறம் இவ்வளவைத் தாண்டும். நடுப்பகலில் மட்டும் அறுபட்டு, மாலையில் தானாகவே சரியாகும் இணையத்துக்கு வெப்பமே காரணமாகலாம். ஒரு மின்விசிறியைப் பெட்டியின் பக்கம் திருப்பி ஒருநாள் சோதித்தால் உண்மை விளங்கிவிடும்.

வீட்டுக்குள் வானலை

வைஃபை இரு அலைவரிசைகளில் இயங்குகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசை தூரம் செல்லும், சுவரைத் தாண்டும், ஆனால் நெரிசல் மிகுந்தது. 5 கிகாஹெர்ட்ஸ் வரிசை விரைவானது, நெரிசல் குறைந்தது, ஆனால் சுவருக்கு அஞ்சும். கான்கிரீட்டிலுள்ள இரும்புக் கம்பி, இரும்பு அலமாரி, தண்ணீர்த் தொட்டி, நிலைக்கண்ணாடியின் பின்பூச்சு ஆகிய யாவும் அலையைத் தடுப்பன. ஆகவே பெட்டி வீட்டின் நடுவில், ஆள் உயரத்துக்குமேல், வெட்டவெளியில் இருத்தல் வேண்டும். குளிர்பதனப் பெட்டியின் பின்னாலும், அரிசி மூட்டையின் மேலும், நூல் அடுக்கிய இரும்பு அலமாரிக்குள்ளும் வைத்துவிட்டு இணையத்தைக் குறைகூறுதல் தகாது.

2.4 வரிசையில் நம் நாட்டில் 13 சானல்கள் உண்டு. எனினும் அவை ஒன்றன்மேல் ஒன்று படிவன. ஒன்றோடொன்று மோதாதவையாகத் தேர்ந்தால் 1, 6, 11 ஆகிய மூன்றே மிஞ்சும். ஒரே தெருவில் இருபது பெட்டிகள் இருப்பின் நெரிசலைச் சொல்ல வேண்டுவதில்லை. மாலை ஏழு மணி முதல் பத்து மணி வரை மட்டும் தொல்லை மிகுமாயின் இந்நெரிசலே காரணமாகலாம். பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் இம்மூன்று சானல்களுள் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு மாலை வைத்துப் பார்த்து, நல்லதைத் தேர்ந்துகொள்ளலாம். மைக்ரோவேவ் அடுப்பும் ஏறத்தாழ இவ்வரிசையிலேயே இயங்குவதால், அது ஓடுகையில் அருகிலுள்ள வைஃபை தடுமாறும்.

துறைமுகத்துக்கு அருகே வாழ்வோரிடம், கப்பல்களின் ராடார் வைஃபையைக் கெடுக்கிறது என்னும் எண்ணம் தோன்றுவது இயல்பே. கப்பல் ராடார்கள் ஏறத்தாழ 3 கிகாஹெர்ட்ஸிலும் 9 கிகாஹெர்ட்ஸிலும் இயங்குவன. வைஃபையின் இரு வரிசைகளிலும் அவை நேராகக் குறுக்கிடுவதில்லை. ஆயினும் 5 கிகாஹெர்ட்ஸ் வரிசையின் நடுப்பகுதியை வானிலை ராடார் போன்றவை பயன்படுத்துகின்றன. 52 முதல் 144 வரையுள்ள சானல்களில் ராடாரின் குறியைக் கேட்டதாகக் கருதினால், பல பெட்டிகள் உடனே அச்சானலை விட்டு வேறொன்றுக்குத் தாமாகவே மாறும். அப்பொழுது இணைப்பு அறுபடும். இவ்வையம் உள்ளவர்கள் 36, 40, 44, 48 ஆகிய சானல்களுள் ஒன்றை நிலையாக வைத்துக்கொண்டால் போதும்.

இணையம் அறுபடுதல் வேறு, மந்தமாதல் வேறு. வீட்டில் ஒருவர் நீண்ட வீடியோவை மேலேற்றும்பொழுதோ, கைப்பேசி தானாகவே படங்களைச் சேமிப்புக்கு அனுப்பும்பொழுதோ, மற்றவர்களுக்கு இணையம் நின்றது போலத் தோன்றும். கடவுச்சொல்லை அக்கம்பக்கத்தார் அறிந்திருப்பினும் இதே நிலை உண்டாகும். பெட்டியின் பக்கத்தில் இணைந்துள்ள சாதனங்களின் பட்டியலைப் பார்த்து, அறியாத பெயர் இருப்பின் கடவுச்சொல்லை மாற்றுதல் வேண்டும்.

வெளியே உள்ள பழுது

சோதனைகள் யாவும் முதல் துண்டைச் சுட்டுமாயின் வீட்டுக்குள் செய்யத்தக்கது சிறிதே. சுவரோரம் இழை ஒடிய வளைந்திருக்கிறதா, கதவிடுக்கில் நசுங்கியிருக்கிறதா, அணில் அல்லது எலி கடித்திருக்கிறதா என்று கண்ணால் பார்க்கலாம். இழை வளையும் வட்டத்தின் ஆரம் மூன்று சென்டிமீட்டருக்குக் குறையாதிருத்தல் நன்று.

பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் ஒளியின் அளவு ஆர்.எக்ஸ். பவர் என்னும் பெயரால் காட்டப்படும். இது -20 என்பது போலக் கழித்தற்குறியோடு இருக்கும். எண் பெரிதாகப் பெரிதாக ஒளி குன்றுகிறது என்பது பொருள். மூன்று எண் கூடினால் ஒளி பாதியாகிவிட்டது எனக் கொள்க. -27 அளவை நெருங்கும்பொழுது பல பெட்டிகள் தடுமாறத் தொடங்கும். நல்ல நாளில் இவ்வெண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, பழுது நாளில் ஒப்பிட்டுச் சொல்வீராயின், பழுது நீக்க வருபவர் நேராக இழையை நாடிச் செல்வார்.

செம்புக் கம்பி இன்னும் உள்ள இடங்களில், மழை பெய்தால் மட்டும் அறுபடும் இணையத்துக்குக் கம்பத்திலுள்ள இணைப்பில் நீர் புகுந்ததே பெரும்பாலும் காரணம். தொலைபேசியில் கரகரவென்ற ஓசை கேட்பது இதன் அடையாளம்.

சில வேளை பழுது நம் தெருவையும் தாண்டியது. 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தாமிரபரணிக் கரையூர்களில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் பல இடங்களில் துண்டிக்கப்பட்டன. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் நடந்த துப்பாக்கிச் சூட்டின் பின், மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் அரசு ஆணையால் இணைய சேவை நிறுத்தப்பட்டது. இத்தகைய நாட்களில் பெட்டியை நூறுமுறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. அண்டை வீட்டிலும் இல்லையா என்று ஒரு சொல் கேட்டுவிட்டால் வீண்முயற்சி மிச்சமாகும்.

குறிப்பேடு

விட்டுவிட்டு வரும் பழுதே கண்டுபிடித்தற்கு அரியது. பழுது நீக்குபவர் வரும் நேரத்தில் எல்லாம் சரியாக இருக்கும். இதற்கு ஏற்ற கருவி ஒரு சிறு குறிப்பேடேயாம். ஒவ்வொரு முறை அறுபடும்பொழுதும் நாள், மணி, எவ்விளக்கு மாறியது, எத்தனை நிமிடத்தில் மீண்டது, அப்பொழுது மழையா, வெயிலா, மோட்டார் ஓடியதா என்பவற்றை ஒரு வரியில் எழுதி வையுங்கள்.

ஒருவர் குறிப்பேட்டில் ஒரு வாரத்தில் இவ்வாறு இருப்பதாகக் கொள்வோம். திங்கள் காலை 6.10, எல்லா விளக்கும் அணைந்தன, மூன்று நிமிடம். செவ்வாய் காலை 6.05, அவ்வாறே. புதன் காலை 6.15, அவ்வாறே, தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் போட்டோம். நான்காம் வரி எழுத வேண்டிய அவசியமே இல்லை. பழுது இரண்டாம் துண்டில், அடாப்டரில் உள்ளது. புதிய பெட்டிக்காகச் செலவாக இருந்த பணம் சேமிப்பாயிற்று.

செய்யத்தகாத செயல் ஒன்றையும் கூறுதல் வேண்டும். பெட்டியின் பின்புறம் ஊசிமுனையால் அழுத்துதற்குரிய ஒரு சிறு துளை இருக்கும். அதனைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் பெட்டி தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பும். நிறுவனம் அளித்த பயனர்பெயர், கடவுச்சொல் முதலிய அமைப்புகள் யாவும் அழிந்துபோகும். அவற்றை முன்னரே எழுதி வைத்திராதவர் இணையம் இன்றிப் பல நாள் காத்திருக்க நேரும். இது கடைசி மருந்து, முதல் மருந்தன்று. பெட்டியை அணைத்து அரை நிமிடம் கழித்து எழுப்புவது வேறு, அதனால் தீங்கில்லை.

முறையீடு

பழுது வெளியே என்று தெளிந்தபின் நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிவு செய்து, புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எண் இல்லாத புகார் காற்றில் எழுதிய எழுத்து. மையத்தில் தீர்வு கிட்டாவிடில், இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2012-இல் வகுத்த விதிகளின்படி, ஒவ்வொரு நிறுவனமும் அமைத்துள்ள மேல்முறையீட்டு அதிகாரியிடம் முறையிடலாம். "இணையம் சரியில்லை" என்று பொதுவாகக் கூறுவதைவிட, "இத்தேதி, இம்மணிக்கு எல்.ஓ.எஸ். விளக்கு சிவந்தது, ஒளியளவு -21-இலிருந்து -28 ஆயிற்று" என்று குறிப்பேட்டைக் காட்டிக் கூறுவது பன்மடங்கு வலிமையுடையது.

இவ்விடத்தில் கூட்டுறவின் பயன் விளங்கும். ஒரே தெருவில் ஒரே இழையிலிருந்து இணைப்புப் பெற்ற உறுப்பினர்கள் தத்தம் குறிப்பேடுகளைச் சங்கக் கட்டடத்தில் ஒருங்கே வைத்துப் பார்த்தால், பழுது ஒரு வீட்டினதா, தெருவினதா என்று அன்றே தெளிவாகும். பத்து வீட்டாரின் புகார் எண்கள் ஒரு தாளில் சேர்ந்து செல்லுமாயின் அதற்கு மதிப்பு மிகும். சங்கத்தில் ஒரு நல்ல அடாப்டரும், ஒரு லேன் கேபிளும் பொதுவில் வாங்கி வைத்திருந்தால், ஐயம் எழுந்த உறுப்பினர் அவற்றை ஒருநாள் இரவல் பெற்றுத் தம் வீட்டில் மாட்டிப் பார்க்கலாம். பழுது நீங்கினால் மட்டும் தமக்கென்று வாங்கிக்கொள்ளலாம். நீங்காவிடில் செலவு தப்பியது. சங்கந்தோறும் இப்பயிற்சியில் தேர்ந்த இளைஞர் இருவர் இருப்பின், முதியோர் வீடுகளுக்கும் அது பேருதவியாகும்.

இவற்றுள் எதற்கும் பெரிய படிப்பு வேண்டுவதில்லை. அறுந்த இழையை ஆயிரம் இழைகளினிடையே கண்டெடுக்கும் கண்ணும், வாய்க்கால் உடைப்பை ஈரம் பார்த்தே அறியும் அறிவும் உடையவர்கள் நம் உறுப்பினர்கள். அதே பொறுமையை இப்பெட்டியிடமும் காட்டுவோமாயின், வீண்செலவு குறையும். வேலையும் தடையின்றி நடைபெறும்.